ஓரெழுத்து மாறிய ரத்தம்

1952ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நீலகிரி மலைமக்களைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடமிருந்து எடுத்த ரத்தத்தை ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பலருக்குக் கதிரறுக்கும் அரிவாளைப் போல வளைந்திருந்தன. சில குடிகளில் பத்துப் பேரில் மூன்று பேர் என்ற அளவுக்கு அது காணப்பட்டது. ஆப்பிரிக்கர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே உரியது என்று பாடநூல்கள் சொல்லிவந்த ஒரு ரத்தக் குணம் உதகைக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளில் இருந்தது. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது.

லேமன் நோயாளிகளைத் தேடி மலையேறவில்லை. அக்கால மானுடவியலாளர்கள் தென்னிந்தியப் பழங்குடிகளையும் இலங்கை வேடர்களையும் சேர்த்து ஒரே தொல்லினமாக வகுத்திருந்தார்கள். அந்த இனத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பழைய தொடர்பு உண்டா என்று ரத்தத்தை வைத்துச் சோதிப்பதுதான் அவருடைய நோக்கம். கட்டுரை வந்தது, விவாதம் நடந்தது, அரிவாள் அணு இனங்களின் இடப்பெயர்ச்சிக்குச் சான்றாகப் பேசப்பட்டது. ரத்தம் கொடுத்தவர்களின் குழந்தைகள் மூட்டுவலியில் துடித்ததும், ஐந்து வயதைத் தாண்டாமல் சிலர் இறந்ததும் அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை. ஒரே துளி ரத்தத்திடம் ‘நீ யார்’ என்றும் கேட்கலாம், ‘உனக்கு எங்கே வலிக்கிறது’ என்றும் கேட்கலாம். நீலகிரியில் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையே ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் கடந்துபோயிற்று. மரபியல் மனித வேறுபாட்டையும் நோயையும் எப்படி விளக்குகிறது என்று பேசப் புகுந்தால் இந்த இடைவெளியையும் சேர்த்தே பேச வேண்டும்.

அரிவாள் அணு மருத்துவ ஏட்டில் ஏறிய கதையே இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. கரீபியத் தீவான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க சிகாகோ வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் 1904 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய ரத்தத்தில் விநோதமான நீண்ட வடிவங்கள் இருப்பதை எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர் கவனித்தார். அவருக்கு மேலிருந்த ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். கட்டுரையில் நோயலின் பெயர் இல்லை. நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, செயின்ட் ஜார்ஜஸ் நகரில் பல் மருத்துவராக இருந்து, 1916இல் நுரையீரல் பாதிப்பால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 32.

அதற்குப் பிறகு அமெரிக்க மருத்துவம் அந்த நோய்க்கு ஒரு நிறத்தைக் கொடுத்தது. அது கறுப்பர்களின் நோய். கிரேக்கரோ சிசிலிக்காரரோ அதே அணுக்களோடு வந்து நின்றால், பாட்டன் பூட்டன் வழியில் ஆப்பிரிக்க ரத்தம் கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். தங்கள் வகைப்பாட்டை மீறி ஒரு சான்று கண்முன் நின்றபோது, வகைப்பாட்டைத் திருத்தாமல் நோயாளியின் வம்சத்தைத் திருத்த முயன்றார்கள். இது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், படித்த மருத்துவர்களிடையே நடந்தது.

வேதியியல் இந்தக் கதையை வேறு திசைக்கு இழுத்தது. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும், நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். நோய் அணுவின் வடிவத்தில் தொடங்கவில்லை, அணுவுக்குள் இருக்கும் ஒரு மூலக்கூறில் தொடங்குகிறது என்பது அதன் பொருள். மருத்துவ வரலாற்றில் ஒரு நோயை மூலக்கூறின் நோய் என்று அழைத்தது அதுவே முதன்முறை. 1956-57இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அந்த மூலக்கூறைத் துண்டாக்கிப் பார்த்து, வேறுபாடு எங்கே என்று சரியாகச் சுட்டினார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருந்தது. மற்ற 145 இடங்களிலும் மாற்றமில்லை.

டி.என்.ஏ. அளவில் இது 11ஆம் குரோமோசோமில் ஓரெழுத்தின் மாற்றம். மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவற்றில் ஓரிடத்தில் அடினின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறிய எழுத்தைப் பெற்ற குழந்தைக்கு நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் நோய் வராது. அந்த மனிதர் மரபணுவைச் சுமப்பவர், பெரும்பாலும் அது தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று பொருளில்லை. கிராமத்துச் செவிலியர்கள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருப்பது இதைத்தான்.

அந்த ஒரு வேலின் என்ன செய்துவிடுகிறது? அதற்குத் தண்ணீர் பிடிக்காது. ஹீமோகுளோபின் தன் ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுமையாகும் நேரத்தில், இந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் கொக்கியைப் போல மாட்டிக்கொள்கிறது. ஒன்றோடொன்று மாட்டி நீண்ட இழைகள் உருவாகி, சிவப்பணுவை உள்ளிருந்து வளைக்கின்றன. நுண்குழாய்களில் நெளிந்து புக வேண்டிய அணு விறைத்து அடைத்துக்கொள்கிறது. அடைத்த இடத்துக்கு அப்பால் ரத்தம் போகாது. எலும்பில் அடைத்தால் தாங்க முடியாத வலி, நெஞ்சில் அடைத்தால் மூச்சுத்திணறல், மூளையில் அடைத்தால் பக்கவாதம். கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் குழந்தைப் பருவத்திலேயே சிறுகச் சிறுகச் செத்துப்போவதால் சாதாரண நிமோனியாவே உயிரைப் பறிக்கும். சராசரி மனிதரின் சிவப்பணு 120 நாள் வாழும். இந்த அணுக்கள் பத்து, இருபது நாளில் உடைந்துவிடுகின்றன. சோகை அதனால்தான். குளிர், உடலில் நீர் வற்றுதல், காய்ச்சல், கடும் உழைப்பு ஆகிய எதுவும் வலியைக் கிளப்பிவிடும்.

இவ்வளவு கொடுமையான ஒரு மரபணு ஏன் அழிந்துபோகவில்லை? நோயுற்ற குழந்தைகள் பெரும்பாலும் வளர்ந்து பிள்ளை பெறுமுன்பே இறந்த காலத்தில், தலைமுறைக்குத் தலைமுறை அது அருகிப் போயிருக்க வேண்டும். பத்துக்கு மூன்று பேர் என்ற அளவுக்கு அது நிலைத்து நிற்பதற்கு ஈடுசெய்யும் லாபம் எங்கோ இருந்தாக வேண்டும்.

அந்த லாபத்தைக் கண்டவர் கென்யாவில் வளர்ந்த ஆண்டனி அலிசன். 1949இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் பயணக்குழுவோடு கென்யாவுக்குத் திரும்பி, பல இனக்குழுக்களிடம் ரத்தம் சேகரித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அரிவாள் மரபணு ஐந்தில் ஒருவருக்கும் மேல். நடுவில் உள்ள வறண்ட மேட்டுநிலத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மொழியையும் இனத்தையும் வைத்துப் பிரித்தால் இந்த வரைபடம் புரியவில்லை. கொசுவை வைத்துப் பிரித்தால் புரிந்தது. மலேரியா மிகுந்த இடங்களில் மரபணு மிகுந்திருந்தது. அலிசன் அதோடு நிற்கவில்லை. லுவோ இனத்தைச் சேர்ந்த 30 பேருக்கு அவர்கள் ஒப்புதலோடு மலேரியாக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். மரபணு இல்லாத 15 பேரில் 14 பேருக்குக் காய்ச்சல் கண்டது, சுமக்கும் 15 பேரில் இருவருக்கு மட்டும். இன்றைய ஆய்வுநெறிக் குழு எதுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது. ஆனால் 1954இல் வந்த அந்தக் கட்டுரைகள்தான், மனிதரில் இயற்கைத் தேர்வு இயங்குவதற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய முதல் சான்று. பின்னாளில் கென்யாவின் கிலிஃபி பகுதியில் நடந்த நீண்ட ஆய்வுகள், மரபணுவை ஒற்றையாகச் சுமக்கும் குழந்தைகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஏறக்குறைய 90 சதவீதப் பாதுகாப்பு இருப்பதைக் காட்டின. ரத்தக் குறைபாடுகளுக்கும் மலேரியாவுக்கும் இப்படியொரு உறவு இருக்கலாம் என்று தலசீமியாவைப் பற்றி 1949இலேயே ஊகித்துச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

இப்போது நீலகிரியின் வரைபடத்தைத் திரும்பப் பார்க்கலாம். உதகையைச் சுற்றி 2,000 மீட்டருக்கு மேல் வாழும் தோடர்களிடமும், மேட்டுநிலத்தில் வேளாண்மை செய்யும் படகர்களிடமும் அரிவாள் மரபணு மிகக் குறைவு. ஆயிரம் மீட்டர் அளவிலுள்ள கூடலூர்ப் பகுதியிலும் வயநாட்டிலும் மலையடிவாரக் காடுகளிலும் வாழ்ந்த பணியர், இருளர், குறும்பர் ஆகியோரிடம் மிக அதிகம். இங்குள்ள ஓடைகளில் முட்டையிடும் அனாபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் கொசு வயநாட்டை மலேரியாவுக்குப் பேர்போன நிலமாக்கியிருந்தது. வெளியிலிருந்து வந்த தோட்டக்காரர்களும் கூலிகளும் காய்ச்சலில் மாண்டுபோன இடம் அது. இதே பகுதியில், பழங்குடிப் பட்டியலில் இல்லாத வயநாடன் செட்டி சமூகத்தவரிடமும் அரிவாள் மரபணு கணிசமாகக் காணப்படுகிறது. தொல்லினக் கோட்பாடு இதை விளக்கத் திணறும். காய்ச்சல் நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் என்ற ஒரே உண்மை இதைச் சிரமமில்லாமல் விளக்குகிறது. லேமனின் கோட்பாட்டுக்கு இலங்கையிலிருந்தும் ஆதரவு கிடைக்கவில்லை. அங்குள்ள வேடர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது அரிவாள் ஹீமோகுளோபின் அகப்படவில்லை. தென்கிழக்காசியாவில் பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ என்ற வேறொரு வகை கிடைத்தது. அதுவும் மலேரியாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் வகைதான்.

1950களில் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி.யோடு மலையேறியது. காய்ச்சல் அடங்கியது. மரபணு அடங்கவில்லை, அது அடங்கவும் முடியாது. ஒரு மரபணு மக்களிடையே அருகுவதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். வயநாட்டின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் பண்ணையாட்களாகக் கைமாற்றப்பட்டு வந்த பணியர்கள், கொசு இருந்த காலத்தில் தங்களைக் காத்த ஒரு குணத்தின் விலையை மட்டும் இன்று செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை நல்ல மரபணு என்பதா, கெட்ட மரபணு என்பதா? கேள்வியே பொருந்தவில்லை. எந்த நிலத்தில், எந்தக் கொசுவோடு, ஒற்றையாகவா இரட்டையாகவா என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

ஒரே எழுத்து மாறிய இருவர் ஒரே அளவு துன்பப்படுவதில்லை என்பது இந்தக் கதையின் இன்னொரு செழுமையான பகுதி. 1980களில் ஒடிசாவில் ஆய்வு செய்தவர்கள், அங்குள்ள நோயாளிகள் பலருக்கு ஜமைக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கண்ட அளவு கடுமை இல்லை என்று பதிவு செய்தார்கள். காரணம் கருப்பையில் இருக்கும்போது சுரக்கும் கருக்கால ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்களில் உடல் அதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களின் வகைக்கு மாறும். பிறந்த குழந்தைகளுக்கு அரிவாள் நோயின் அறிகுறிகள் தெரியாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று 1948இல் புரூக்ளின் மருத்துவர் ஜேனட் வாட்சன் சரியாகக் கணித்திருந்தார். கருக்கால வகை இழைகளில் சேர்வதில்லை. அதன் அளவு கூடக்கூட அணு வளைவது குறையும். இந்தியாவிலும் சவூதியின் கிழக்குப் பகுதியிலும் அரிவாள் மரபணு அமர்ந்திருக்கும் குரோமோசோம் பகுதி, வளர்ந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு சுரக்க விடுகிறது. ஆய்வாளர்கள் அதை அரபு-இந்திய வகை என்கிறார்கள். இந்தியாவிலேயே இது எல்லோருக்கும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை. கடுமையான நோயோடு போராடும் குழந்தைகளும் இங்கே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் செனகல், பெனின், பாண்டு எனப் பல வகைகள். மரபணு மாற்றம் தனித்தனியே பலமுறை நிகழ்ந்தது என்று 1980களில் நம்பினார்கள். 2018இல் டேனியல் ஷ்ரைனரும் சார்ல்ஸ் ரொட்டிமியும் முழு மரபுத்தொகுதித் தரவுகளை வைத்து, எல்லாம் ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் ஒரே மனிதரில் நிகழ்ந்த ஒரே மாற்றத்தின் வழித்தோன்றல்கள் என்று வாதிட்டார்கள். அப்படியானால் நீலகிரிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அது லேமன் தேடிய தொல்லினத்தின் தொடர்பு அல்ல. மனிதர் மனிதரோடு கலந்து, கடல் கடந்து, கொசு நிலத்தில் தங்கியதால் கைமாறி வந்த ஓரெழுத்தின் தொடர்பு.

நோய்கள் எல்லாம் அரிவாள் அணுவைப் போல ஓரெழுத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தண்டபாணி என்ற ஆய்வாளரின் பணியாகத் தொடங்கி ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தோடு இணைந்து 2009இல் நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் வெளியான கண்டுபிடிப்பு இதற்கு நல்ல உதாரணம். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போயிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் அதைச் சுமக்கிறார்கள். இதயம் தளரும் அபாயம் பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்னால் வருவதால், அதற்குள் பிள்ளைகள் பிறந்து மரபணுவும் கைமாறிவிடுகிறது; இயற்கைத் தேர்வின் கை அங்கே எட்டுவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைச் சிக்கலாக்கின. விடுபட்ட 25 எழுத்துகளோடு அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சிலருக்குச் சேர்ந்து வருகிறது, அபாயத்தில் அதற்கும் பெரும் பங்குண்டு என்று தெரிந்தது. சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு பக்கம் போனால் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் இம்மியளவு பங்களிக்கின்றன. உணவும் உழைப்பும் தாயின் கருப்பையில் கிடைத்த ஊட்டமும் அவற்றோடு சேர்ந்து கணக்கை மாற்றுகின்றன. ஐரோப்பியர்களின் தரவை வைத்துச் செய்த அபாயக் கணிப்புகள் பிற மக்களிடம் தடுமாறுகின்றன. 83 சமூகங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் மரபுத்தொகுதியை வாசித்த ஜீனோம் இந்தியா திட்டத்துக்கு அதனால்தான் இவ்வளவு முக்கியத்துவம்.

அகமண வழக்கம் இந்தத் துணைக்கண்டத்தில் வேறொரு தனிக்கதை. இந்திய மரபணுத் தரவுகள் சொல்வது இது: சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அதன் பிறகு சாதிக்குள் மணம் என்ற வேலி இறுகியது. சில முன்னோர்களிடமிருந்து பெருகிய குழுவுக்குள்ளேயே மணம் நடந்தால், அந்த முன்னோர்களில் ஒருவரிடம் இருந்த அரிய மாற்றம் குழுவுக்குள் அரிதாக இல்லாமல் போய்விடும். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2006இல் வெளியிட்ட ஆய்வு, வைசியச் சமூகத்தில் ஒரு நொதியின் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதற்கான மரபணுக் காரணத்தைக் காட்டியது. இக்குறைபாடு உள்ளவருக்கு அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் இல்லை. அறுவைக்கு முன் தசை தளரக் கொடுக்கும் ஒரு குறிப்பிட்ட மருந்தைச் செலுத்தினால் மட்டும், சில நிமிடங்களில் மீள வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் மீளாது. மயக்க மருத்துவருக்கு முன்பே தெரிந்திருந்தால் மருந்தை மாற்றிக்கொள்வார். சமூகத்தின் பெயர் ஓர் உயிரைக் காக்கப் பயன்படும் இடம் இது. ஆனால் அதே பெயரை வைத்து உயர்வு தாழ்வு பேச மரபியலில் இடமில்லை. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள்குழுவுக்குள் இருப்பவர்களிடையேதான் என்பதை ரிச்சர்ட் லெவொண்டின் 1972இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். பிறகு வந்த பெருந்தரவுகள் அந்தக் கணக்கை அசைக்கவில்லை.

அறிந்ததை வைத்து மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது அறிந்த கதையைவிடக் கசப்பானது. அரிவாள் அணுவை மூலக்கூறு நோயாகக் காட்டிய அதே லைனஸ் பாலிங், மரபணுவைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் ஓர் அடையாளம் பச்சை குத்தலாம் என்று 1968இல் எழுதினார். ஒரே அடையாளம் கொண்ட இருவர் காதலில் விழாமல் தடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். நோபல் பரிசு இருமுறை பெற்றவர், அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராகப் போராடியவர், இதை மனிதாபிமானமாக நினைத்துத்தான் எழுதினார். அதனால்தான் இது அச்சுறுத்துகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல கறுப்பர்களுக்குக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்கள் இயற்றின. சில சட்டங்கள் சுமப்பவரையும் நோயாளியையும் பிரித்துக்கூட அறியவில்லை. வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. சுமப்பவர்களை விமானப்படைக் கல்லூரி 1981வரை சேர்த்துக்கொள்ளவில்லை. கிரேக்கத்தின் ஆர்கோமெனோஸ் ஊரில் நல்ல நோக்கத்தோடு பரிசோதித்து எல்லோருக்கும் முடிவைச் சொன்னார்கள். ஊர் சுமப்பவர்களைத் தீட்டாகப் பார்க்கத் தொடங்கியது, பலர் முடிவை மறைத்து மணம் செய்தார்கள்.

இந்திய அரசு 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் அரிவாள் செல் சோகை ஒழிப்புத் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு முடிவைச் சொல்லும் அட்டை கொடுக்கப்படுகிறது; மணம் பேசும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது எண்ணம். பரிசோதனை வேண்டியதுதான். ஆனால் அட்டையின் சுமை இருபாலர் மீதும் ஒரே அளவில் விழாது. பையனின் அட்டையைக் கேட்கத் தயங்கும் ஊர் பெண்ணின் அட்டையைக் கூச்சமின்றிக் கேட்கும். சுமப்பவள் நோயாளி அல்ல, சுமக்காத ஒருவரை மணந்தால் பிள்ளைகளில் யாருக்கும் நோய் வராது என்ற எளிய உண்மை அட்டையோடு சேர்ந்து வீட்டுக்குள் போக வேண்டும். அதைச் சொல்ல அவர்கள் மொழி பேசும், அவர்கள் நம்பும் ஓர் ஆள் வேண்டும்.

கூடலூரில் அப்படிப்பட்ட ஆட்கள் உருவானார்கள். 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், குறும்பர் சமூகப் பெண்களே செவிலியர்களாகவும் ஊர் நலப்பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றார்கள். அரிவாள் செல் நோயாளிகளைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கும் பணியையும் அந்த மருத்துவமனை எடுத்துக்கொண்டது. லேமனின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே எத்தனை குழந்தைகள் பெயர் தெரியாத காய்ச்சலிலும் வலியிலும் போனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்களைக் காக்கத் தேவைப்படுவதில் பெரும்பகுதி மலிவானது. குழந்தைகளுக்கு நாளிரண்டு வேளை பென்சிலின் கொடுத்தால் உயிர்பறிக்கும் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986இலேயே அமெரிக்க ஆய்வு நிறுவியது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கருக்கால ஹீமோகுளோபினைத் தூண்டி வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. அமெரிக்கா அதற்கு 1998இல் ஒப்புதல் அளித்தது. மாத்திரையின் விலை சில ரூபாய்தான். ரத்த எண்ணிக்கையை அவ்வப்போது சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்பதால், மாத்திரையைவிட ஆய்வகத்துக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் ஒருநாள் கூலியும்தான் நோயாளிக்குச் சுமை.

மறுமுனையில் காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இருக்கிறது. கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்தி வைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவை, மக்களிடையே இயல்பாக உள்ள வேறுபாடுகளைப் ஆயிரக்கணக்கானோரிடம் ஒப்பிட்டு 2007-08இல் கண்டுபிடித்தார்கள். அதன் கட்டுப்பாட்டுப் பகுதியை நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களில் கிரிஸ்பர் கருவியால் வெட்டி, திரும்ப உடலில் செலுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வலித் தாக்குதல்கள் நின்றுவிட்டன. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். சிகிச்சைக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடும் கீமோதெரபி, வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம், பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் அபாயம். குறைந்த செலவில் இதைச் செய்யும் வழியை டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்திலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாட்டின் அறிவியல் தன் எளிய குடிகளுக்காகச் செய்யக்கூடிய பெரிய வேலைகளில் அது ஒன்று. அது கைக்கு வரும்வரை பென்சிலினும் ஹைட்ராக்ஸியூரியாவும் ஊருக்குள் வந்துசேர வேண்டும்.

தேசிய இயக்கத்தின் அறிக்கைகள் எத்தனை கோடிப் பேருக்கு ரத்தம் எடுத்தோம் என்ற எண்ணை முதலில் வைக்கின்றன. நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் இன்று மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் பென்சிலினோடு ஐந்து வயதைத் தாண்டினார்கள், வலியோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அன்றிரவே மருந்து கிடைத்தது என்ற மூன்று எண்களையும் மாவட்ட வாரியாக, நீலகிரியிலிருந்து ஷாதோல்வரை, அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.